வாசற்படி மஞ்சள்

அந்தப் பையைக் காலால் தள்ள வேண்டாம், தம்பி. இப்படிக் கொடுங்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே இருப்பது கீரை. தண்டுக்கீரையும் சிறுகீரையும் காலையில்தான் வேரோடு பிடுங்கினேன். வாடிவிடக் கூடாதென்று ஈரத்துணியில் சுற்றியிருக்கிறேன். திருமங்கலத்தில் என் பேத்தி இருக்கிறாள். குழந்தை உள்ள வீட்டுக்கு வெறுங்கையோடு போகும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இருந்ததில்லை. அதை நானா உடைப்பேன்?

நீங்கள் மதுரை வரையா? மகிழ்ச்சி. வாரம் தவறாமல் இந்தப் பேருந்தில் போகிறேன். பக்கத்தில் அமர்கிறவர்கள் உட்கார்ந்ததும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறார்கள். நீங்கள் மாட்டவில்லை. என் பெயர் சங்கரலிங்கம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது; படிப்பு முடியவில்லை. ஆலைத் தொழிலாளர் படிப்பகத்தில் நாளிதழை உரக்க வாசித்துக் காட்டும் பொறுப்பு பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. தலையங்கத்தையும் விடமாட்டேன். புரியாத சொல் ஒன்று குறுக்கிட்டால், அகராதியில் அதைத் தேடிப் பிடிக்காமல் சாப்பாடு இறங்காது. என் பேச்சு அச்சில் ஏற்றியதுபோல் இருப்பதாகச் சிலர் கேலி செய்வதுண்டு. செய்யட்டும். திருத்தமாகப் பேசுவதில் என்ன இழிவு?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒன்றும் தெரியாத கிழவன் என்று என் மருமகள் என்னை முடிவுகட்டிவிட்டாள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எங்கள் வீடு பழைய வீடு. அரிசி மண்டி வைத்திருந்த ஒருவரிடமிருந்து நான் வாங்கியது. பர்மாத் தேக்கில் நிலை, பர்மாத் தேக்கில் கதவு, அகலமான வாசற்படி. என் மனைவி உயிரோடு இருந்தவரை வெள்ளிக்கிழமைதோறும் படியைக் கழுவி, மஞ்சள் குழைத்துப் பூசி, குங்குமப் பொட்டு வைப்பாள். அவள் காலமானபின் பூச ஆள் இல்லை. நிலைவாசல் என்றால் லட்சுமி அமரும் இடம். அதை வெறும் மரமாக விட்டுவைக்க மனம் ஒப்புமா? எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். மஞ்சள் எனாமல் வாங்கிப் படிக்குப் பூசி, அதன்மேல் சிவப்பில் பொட்டு வைத்தேன். அழியாத மஞ்சள், அழியாத குங்குமம். அன்றிலிருந்து ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பழைய மஞ்சளின்மேல் புது மஞ்சள். கதவுகளுக்குப் பச்சை. பழையதைச் சுரண்டியதே இல்லை. அடுக்கின்மேல் அடுக்காக ஏறி, படியின் விளிம்பு வாழைத்தண்டுபோல் உருண்டுவிட்டது. கதவோ நிலைக்குள் பொருந்தாமல் முரண்டு பிடித்தது. தோளால் இடித்துத்தான் சாத்த வேண்டும்.

என் மகன் கோமதிநாயகம் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். மருமகள் வினோதினி பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. பேத்திக்கு நான் வைத்த பெயர் நிறைமதி. தவழ்வதை விட்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்குள் போகிற வயது. வைகாசியில் அவளுக்குக் காதுகுத்து வைப்பதென்று முடிவாயிற்று. சொந்தபந்தம் திரளும், கோமதியும் விடுப்பில் வருகிறான். அப்படிப்பட்ட நேரத்தில் சாத்த முடியாத கதவும் மடிப்புவிழுந்த படியுமாக வீடு நின்றால் என்ன மரியாதை? கதவையும் படியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மரம் தெரிய எடுத்து, புதிதாக வர்ணம் பூசத் தீர்மானித்தேன். பெயிண்டர் சூசையும் வருவதாகச் சொல்லிவிட்டான்.

அங்கேதான் மருமகள் குறுக்கே வந்தாள்.

பழைய எனாமலில் ஈயம் இருக்குமாம். மஞ்சளில் மிகுதியாக இருக்குமாம். பூசிக் கிடக்கும்வரை ஓரளவு அடங்கிக் கிடக்குமாம்; தேய்த்துப் பொடியாக்கினால் காற்றில் கலந்து, தரையில் படிந்து, குழந்தையின் கைவழியாக வயிற்றுக்குள் போய்விடுமாம். இதையெல்லாம் ஆசிரியைக்கே உரிய நிதானத்தோடு, அடுப்படியில் நின்றுகொண்டு எனக்குப் பாடம் நடத்தினாள். ஈயம் பூசிய பாத்திரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள் என்றேன். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், இது காரீயம், இரண்டும் வேறு உலோகங்கள் என்றாள். அது எனக்கும் தெரியும். அகராதியில் இருக்கிறது. ஒரு வாதத்துக்காகச் சொன்னேன்.

பிறகு ஒரு காய்கறிக் கத்தியை எடுத்துப் போய், படியில் ஒரு துணுக்கும் கதவில் ஒரு துணுக்கும் பெயர்த்தெடுத்தாள். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், தம்பி. நிலைவாசலில் கத்தியை வைக்கிறாள். மதுரையில் ஏதோ ஒரு சோதனைக்கூடத்துக்கு அதை அனுப்பினாள்.

“மாமா, ஒரு வாரம் பொறுங்க. முடிவு வரட்டும். அதுல இல்லைன்னு வந்துட்டா நானே உப்புத்தாள் பிடிச்சுத் தேய்க்கிறேன். இருக்குன்னு வந்தா, பாப்பாவைக் கூட்டிட்டு எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுறேன். நனைச்சுத் தேய்ச்சு, எல்லாத்தையும் துடைச்சு எடுத்தப்புறம் வர்றோம்.”

கேட்பதற்குப் பணிவாகத்தான் இருக்கும். ஆனால் உட்பொருளைப் பாருங்கள். என் வீடு நஞ்சு. நான் கையால் பூசிய மஞ்சள் நஞ்சு. என் வீடு என்ன குற்றம் செய்தது? அதே படியைத் தாண்டித்தான் கோமதி வளர்ந்தான், பொறியியல் படித்தான். அவன் மூளையில் என்ன பழுது?

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டதா? பால்கோவா விற்கிறவர் உங்கள் பக்கம் நீட்டுகிறார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முகத்தைப் பார்த்தால் விடமாட்டார்.

செய்தி எப்படியோ டீக்கடைக்குப் போய்விட்டது. என்னோடு ஆலையில் இருந்த பாக்கியநாதன், பத்துப் பேர் நடுவில் கேட்கிறார்: “என்னய்யா சங்கரலிங்கம், ஒம்ம வீட்டுக்குச் சுகர் டெஸ்ட் எடுக்கப் போறாகளாம்ல? வெறும் வயித்துலயா, சாப்பிட்ட பிறகா?”

அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் எழுந்து போனால் இன்னும் கேவலம்.

அதையும் பொறுத்திருப்பேன். மறுநாள் சூசை வரவில்லை. நானே அவன் வீடு தேடிப் போனேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, “அக்கா ஃபோன் பண்ணாங்க சார். அவங்க சொன்னப்புறம் வர்றேனே” என்கிறான். என் வீட்டுக் கதவுக்கு நான் வேலை சொல்ல, அதற்கு என் மருமகள் உத்தரவு தர வேண்டும். உப்புத்தாளை நானே வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவளுக்கு அன்று தேர்வுப் பணி. குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். மறைத்துச் செய்ததாக எண்ண வேண்டாம். என் வீட்டில் நான் எதற்கு மறைக்க வேண்டும்? குளித்து, வேட்டியை மடித்துக் கட்டி, படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். நனைக்கவில்லை. ஈர மரத்தில் வர்ணம் ஒட்டாது. அது தெரியாதவனா நான்? காய்ந்த படியை நன்றாக அழுத்தித் தேய்த்தேன். உள்ளிருந்து ஒவ்வொரு பொங்கலாக வெளியே வந்தது, தம்பி. மங்கிய மஞ்சள், பளீர் மஞ்சள், ஆரஞ்சு கலந்த மஞ்சள். மிக அடியில் இருந்தது என் மனைவி இறந்த வருடத்து மஞ்சள். வெயில் வாசல்வழியே உள்ளே விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் பொடி எழுந்து மிதந்ததைப் பார்க்க வேண்டுமே! கோயில் கருவறையில் அபிஷேகம் நடக்கிறபோது தெறிக்கும் மஞ்சள்போல.

கூடத்தில் பாயில் விளையாடிக்கொண்டிருந்தவள் எப்போது எழுந்து வந்தாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் படியருகில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பொடியை அள்ளி அள்ளி விடுகிறாள். கன்னம், மூக்கு, உதடு எல்லாம் மஞ்சள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கைப்பேசியில் படம் எடுத்துக் கோமதிக்கு அனுப்பினேன். ‘மகாலட்சுமி மஞ்சள் பூசியிருக்கிறாள்’ என்று எழுதினேன். அந்தப் படம் இருக்கிறது, இருங்கள். கண்ணாடி... இதோ. பாருங்கள். நாக்கை நீட்டிக்கொண்டு என்ன குறும்பு! இந்த முகத்தைப் பார்த்தால் நோய் வந்த குழந்தை என்று யார் சொல்வார்?

போதுமா? சரி, கொடுங்கள்.

பொடியையும் நான் அலட்சியமாக விடவில்லை. நிலைவாசலில் இருந்து எடுத்தது. அதை விளக்குமாற்றால் கூட்டிக் குப்பையில் கொட்டவோ, தெருவில் போகிறவர்கள் காலில் மிதிபட விடவோ கூடாது. கையாலேயே வழித்து, சுளகு நிறைய அள்ளி, கொல்லைப்புறத்துக் கீரைப்பாத்தியில் கொட்டிக் கொத்திவிட்டேன். மண்ணுக்குள் போய்விட்டால் மாசுமில்லை, பாவமுமில்லை. மருமகள் வருவதற்குள் வீட்டைத் துடைத்து, குழந்தையையும் குளிப்பாட்டிவிட்டேன். எல்லாம் சுத்தம்.

அவள் வந்தாள். படியைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என்னிடம் பதில்கள் தயாராக இருந்தன. குழந்தையின் நகங்களை விரித்து விரித்துப் பார்த்தாள். நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது.

“ஒரு வாரம்தானே மாமா கேட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். துணிமணியை எடுத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருமங்கலத்துப் பேருந்தில் ஏறிவிட்டாள். காதுகுத்து நின்றுபோயிற்று. கோமதி விடுப்பை ரத்து செய்துவிட்டான். சோதனைக்கூடத்தின் முடிவு அதன்பின் வந்தது. படி மஞ்சளில் ஈயம் அளவுக்கு மீறி இருப்பதாக. குழந்தையின் இரத்தத்திலும் ஏறியிருப்பதாக மதுரை மருத்துவர் சொன்னார். மூளை வளர்கிற வயது, இது நல்லதல்ல. ஆனால் அந்த வீட்டை விட்டு விலகியிருந்தால் மெல்ல மெல்ல இறங்கிவிடும் என்றாராம். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உள்ள உணவாகக் கொடுக்கச் சொன்னாராம். கீரை நல்லது என்றாராம்.

கீரை நல்லது. பார்த்தீர்களா? மருத்துவர் வாயாலேயே வந்தது. அவர்கள் ஆயிரம் சொல்லட்டும். தாத்தா என்கிற கடமையை நான் விடவில்லை. மனத்தாங்கலை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, கீரையோடு போய் நின்றேன். வினோதினி முகம் கொடுத்துப் பேசவில்லை. சம்பந்தியம்மாள் செண்பகம் பண்பானவர், வாங்கிக்கொண்டார். கடைக்கீரையில் பூச்சிமருந்து இருக்கும், வீட்டுக்கீரைதான் குழந்தைக்கு ஏற்றது என்று மகளிடமும் எடுத்துச் சொன்னார். அதிலிருந்து வாரம் தவறுவதில்லை. பருப்போடு மசித்து, நெய் விட்டு ஊட்டுகிறார்கள். நிறைமதிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பையை இறக்கி வைத்ததும் ஓடி வந்து, பச்சை இலையையே பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள். “கீ, கீ” என்பாள். கீரை என்று முழுதாக வரவில்லை.

முன்பு இன்னும் சில சொற்கள் வந்துகொண்டிருந்தன. பூனை, நிலா, அப்பா. அவை இப்போது வருவதில்லை என்று வினோதினி சொல்கிறாள். தாத்தா என்பதும் வரவில்லை. இடம் மாறினால் குழந்தைகள் சில நாள் அடங்கித்தான் இருப்பார்கள்.

இனிமேல்தான் முக்கியமானது. கல்லுப்பட்டி தாண்டிவிட்டோமா? நேரம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

ஆடியில் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. நன்றாகக் கவனியுங்கள். வீட்டை விட்டு விலகினால் இறங்கும் என்றவர்கள் அவர்கள். விலகினார்கள். இறங்கவில்லை. அப்படியானால் வீடு எப்படிக் குற்றவாளி? அன்று நான் சம்பந்தி வீட்டு நடுக்கூடத்தில் நின்று, நாளிதழ் வாசிக்கும் குரலில், இந்தக் கேள்வியை முன்வைத்தேன். என் வீடு என்ன குற்றம் செய்தது? வினோதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளை வென்றுவிட்டேன் என்று அந்தக் கணத்தில் தோன்றியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் படுகிற பாட்டைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. பொம்மைகளையெல்லாம் தூக்கி எறிந்தாள். தன் தாயின் பித்தளைப் பாத்திரங்களைப் பரணில் ஏற்றினாள். கண்மை கூடாது, கடை மஞ்சள்தூள் கூடாது, குழாய்த் தண்ணீர் கூடாது. தாய்க்கும் மகளுக்கும் தினமும் சண்டை. சம்பந்தியம்மாள் என்னிடம் தனியே அழுதார்: “அண்ணே, எதைத் தொட்டாலும் கையைத் தட்டி விடுறா. ஒங்க கீரை ஒண்ணைத்தான் சந்தேகப்படாமக் குடுக்கிறா.” வருகிற திங்கட்கிழமை இன்னொரு சோதனை. இந்தத் தடவையும் இறங்காவிட்டால் மருத்துவமனையில் சேர்த்து, ஈயத்தை வெளியேற்றும் மருந்து ஏற்ற வேண்டுமாம். அந்தச் சின்ன உடம்பில் ஊசி. எனவேதான் இன்று வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பிடுங்கி வந்திருக்கிறேன். திங்கட்கிழமைக்குள் இரத்தம் ஊறட்டும்.

என்ன கேட்டீர்கள்? எந்தப் பாத்தியா?

எங்கள் கொல்லைப்புறத்துப் பாத்திதான். ஒரே பாத்திதான் இருக்கிறது. இந்த வருடம் போல அது செழித்ததே இல்லை. நிலைவாசல் லட்சுமி அதில்தானே...

ஆமாம், தம்பி. அதே பாத்திதான். சொன்னேனே.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் கேட்கிற பொறுமை எனக்கு உண்டு. ... என்ன? இன்று கொடுக்க வேண்டாமா? ஒரு தடவை இதையும் சோதித்துப் பார்த்துவிட்டா? நீங்களும் அவளைப் போலவே பேசுகிறீர்களே. நீங்களும் வேதியியல் ஆசிரியரா? பொடி மண்ணுக்குள் போய்விட்டது. மண் எதையும் செரித்துவிடும். பிணத்தையே செரிக்கிறதே, ஒரு சுளகு பொடியையா செரிக்காது?

உலோகம் செரிக்காதா.

யார் சொன்னது? ஆம், உலோகம்... அகராதியிலும் உலோகம் என்றுதான் இருக்கிறது.

பையிலிருந்து கையை எடுங்கள், தம்பி. என் பேத்திக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியாதா? நானே குனிந்து பிடுங்கியது. வேரில் மண் ஒட்டியிருக்கும், அது உண்மை. சம்பந்தியம்மாள் அலசித்தான் சமைக்கிறார். குழந்தைதான் பையைப் பார்த்ததும் பொறுக்காமல்... கழுவினால் போய்விடும் அல்லவா?

சொல்லுங்கள். ஒவ்வொரு வாரமும் நன்றாகக் கழுவியிருப்பார்கள். கழுவினால் போய்விடும் அல்லவா?

அதோ, திருமங்கலம் நெருங்கிவிட்டது. நடத்துநர் கூப்பிடுகிறார். வந்துவிட்டேன், ஐயா, வயதானவன், சற்று நிறுத்தச் சொல்லுங்கள். அந்த மருந்துக்கடை ஓரத்தில் பாருங்கள், நீலப் புடைவையில் சம்பந்தியம்மாள். இடுப்பில் அவள்தான். பேருந்தைப் பார்த்துவிட்டாள். கையை நீட்டுகிறாள். என்னைப் பார்த்து இல்லை, எனக்குத் தெரியும். வாயசைவைப் பாருங்கள். கீ என்கிறாள்.

அந்தத் தடியை மட்டும் எடுத்துக் கொடுங்கள். பை இருக்கட்டும்.

இல்லை, இருக்கட்டும் என்கிறேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. வயதாகிவிட்டது; பேச்சுவாக்கில் பையை மறந்து இறங்கிவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். நடத்துநர் கேட்டால், கிழவர் மறந்துவிட்டார் என்று சொல்லுங்கள். ஓடி வந்து கொடுக்க வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். ஆனால் ஒன்று, தம்பி, நல்ல கீரையாயிற்றே என்று எவராவது கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். மாட்டுக்குக்கூடப் போட வேண்டாம்.

வருகிறேன். வழி விடுங்கள், அம்மா. முதல் தடவையாக வெறுங்கையோடு போகிறேன். அவள் என் இரண்டு கையையும் விரித்து விரித்துப் பார்ப்பாள்.